அவுட்லையர்

முதலில் ஒரு மன்னிப்பு. எல்.கே.ஜி-யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழில் கடைசியாக நீளமாக எழுதியது பிளஸ் டூ பொதுத்தேர்வில். சந்திப்பிழை இருந்தால் எடிட்டரைத் திட்டுங்கள், என்னை விட்டுடுங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எப்படிப் பிறக்கும் என்று உங்களுக்கே தெரியும். கைடு ஒரு பேஸ் பேப்பர் கொடுப்பார். அதைவிடக் கொஞ்சம் நல்ல ரிசல்ட் காட்டினால் போதும். எங்களுக்குக் கிடைத்தது கடல் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணிக்கும் மாடல். பேஸ் பேப்பர்காரர்கள் அலாஸ்கா வளைகுடாவில் ஒரு புள்ளியை எடுத்திருந்தார்கள். நாங்களும் அதையே எடுத்தோம். அலாஸ்கா மேப்பில் எங்கே இருக்கு என்று அன்று கேட்டிருந்தால் மூணு பேரில் ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டான்.

மாடல் ஓடியது. ஆனால் 2014, 2015 வந்தாலே சொதப்பியது. மற்ற வருடங்கள் சராசரியை ஒட்டி ஏறி இறங்க, அங்கே மட்டும் பெரிய மேடு. "சென்சார் ஃபால்ட்டா இருக்கும் மச்சான், தூக்கிடு" என்றான் நண்பன். தூக்கினேன். சராசரியிலிருந்து இரண்டு சிக்மா தாண்டிய நாட்கள் எல்லாம் அவுட்லையர். விட்ட இடத்தை இன்டர்போலேட் பண்ணி நிரப்பினேன். நாலே வரி கோட். எரர் பாதியாகக் குறைந்தது. ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் பாராட்டு, ராத்திரி பரோட்டா கடையில் ட்ரீட்.

ரிப்போர்ட் எழுதும்போதுதான் மாட்டிக்கொண்டேன். டேட்டாவை ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். சென்சார் பழுது என்று எழுத ஒரு ரெஃபரன்ஸ் தேடினேன். கிடைத்தது வேறு.

அந்த மேட்டுக்குப் பெயரே இருக்கிறது. 'தி ப்ளாப்'. வாஷிங்டன் மாநிலக் காலநிலை விஞ்ஞானி நிக் பாண்ட் 2014-இல் வைத்த பெயர். 2013 கடைசியில் வடகிழக்குப் பசிபிக்கில் உயர் காற்றழுத்தம் நகராமல் உட்கார்ந்துகொண்டது. குளிர்காலக் காற்று பலவீனமானதால், கடல் வழக்கமாக வெளியே விடும் சூட்டை விடவில்லை. சில இடங்களில் 2.5 டிகிரிக்கு மேல் கூடுதல் வெப்பம். இரண்டரை டிகிரிதானே என்று எனக்கும் தோன்றியது. ஹாஸ்டலில் ஃபேன் நின்றாலே அதைவிட ஏறுமே!

இங்கேதான் ஒரு பறவை வருகிறது. காமன் மர். தமிழில் பெயர் தேடினேன், கிடைக்கவில்லை. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. பார்த்தால் பெங்குவின் மாதிரி, ஆனால் பறக்கும். நீருக்குள்ளும் சிறகடித்து 100 மீட்டருக்கு மேல் இறங்கி மீன் பிடிக்கும். இப்படி உழைக்கிற உடம்புக்குத் தினமும் தன் எடையில் பாதி அளவு மீன் வேண்டும். மூன்று, நான்கு நாள் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

கடல் சூடானபோது அதில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கொழுப்புள்ள வகைகள் குறைந்தன. அவற்றைத் தின்னும் சின்ன மீன்கள் குறைந்தன, இளைத்தன. அதே சமயம் காட், பொல்லாக் போன்ற பெரிய மீன்களுக்குப் பசி கூடியது. தண்ணீர் சூடானால் மீனின் உடம்பும் வேகமாக எரிக்கும் அல்லவா? அவையும் அதே சின்ன மீனைத்தான் தின்னும். மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாகிற அதே நாளில் சாப்பிட இரண்டு மடங்கு பேர் வந்தால் எப்படி இருக்கும்? அந்த க்யூவில் கடைசி ஆள் காமன் மர்.

2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரை சுமார் 62,000 பறவைகள் செத்துக் கரை ஒதுங்கின. எலும்பும் தோலுமாக. அலாஸ்காவின் விட்டியர் என்ற ஊரில் ஒரே கடற்கரையில் 8,000 வரை. நிறைய இடங்களில் எண்ணியது சாதாரண ஆட்கள், கடற்கரையில் நடந்துபோகிற தன்னார்வலர்கள். கரைக்கு வராமல் கடலிலேயே போனவை எவ்வளவு? 13 இனப்பெருக்கத் திட்டுகளில் அதற்கு முன் 7 வருடம், பின் 7 வருடம் எண்ணி ஒப்பிட்ட ஆய்வு 2024 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சுமார் 40 லட்சம். அலாஸ்காவில் இருந்தவற்றில் பாதி. எண்ணிக்கை இன்னும் திரும்பவில்லை. வருடத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை வேறென்ன செய்யும்?

என் கிராஃப்படி அந்த இரண்டு வருடம் எதுவுமே நடக்கவில்லை.

டேட்டாவைத் திரும்பச் சேர்த்தேன். எரர் பழைய இடத்துக்கே போனது. க்ரூப்பில் சண்டை. "எங்கேயோ செத்த பறவைக்காக நம்ம மார்க்கை விடணுமாடா?" என்றான் நண்பன். அவன் கேட்டதில் தப்பில்லை. அவனுக்கு சி.ஜி.பி.ஏ. உண்மையிலேயே முக்கியம், வீட்டில் கடன் இருக்கு. நான் சொன்னது ஒன்றுதான். கடல் ஒழுங்காக இருக்கும் நாட்களில் மட்டும் சரியாகச் சொல்லும் மாடல் யாருக்கு வேண்டும்? இரண்டு நாள் பேசவில்லை.

கைடு மேம் திட்டுவார் என்று பயந்தேன். "ரெண்டு ரிசல்ட்டையும் போடுப்பா. ஏன் வித்தியாசம்னு பேனல் கேட்டா நீயே சொல்லு" என்றார்.

செகண்ட் ரிவ்யூ வெள்ளிக்கிழமை. ஸ்லைடில் அந்த மேட்டை சிவப்பில் வைத்திருக்கிறேன். நண்பன் நேற்று வந்து, அந்தப் பறவை போட்டோ ஒன்றை ஓரத்தில் ஒட்டிவிட்டு, "சைஸ் சின்னதாவே இருக்கட்டும், ஓவரா பண்ணாதே" என்றான்.