காலண்டர் ஊரில் ஏழு நாள் தேடுவது எப்படி?

மெக்ஸிகோவின் யுகடான் பக்கம் ஒரு வாரம் சுற்றப் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மெரிடா, காம்பேச்சே என்று ஸ்பானியர்கள் கட்டிய ஊர்களுக்கு மூன்று நாள். உஷ்மால், சிச்சென் இட்சா என்று மாயன்களின் இடிபாடுகளுக்கு மூன்று நாள். மிச்சம் ஒரு நாள் பயணக் களைப்புக்கும் வயிற்றுக்கோளாறுக்கும் :-)

இதில் மெரிடாவின் கதை சுவாரசியமானது. ஸ்பானியர்கள் 1542ல் உண்டாக்கிய ஊர் அது. ஆனால் பொட்டல் காட்டில் உண்டாக்கவில்லை. அங்கே ஏற்கெனவே தோ என்ற மாயன் நகரம் இருந்தது. அதன் கற்களைப் பெயர்த்துத்தான் தேவாலயமும் வீடுகளும் எழுப்பினார்கள். ஆகவே அங்கே காலனி ஊரையும் இடிபாட்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. ஒன்றின் கல்தான் இன்னொன்றின் சுவர்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து கல்லூரிக்குப் போகிற ஒரு வரலாற்று மாணவி இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். மெக்ஸிகோ இந்த ஜென்மத்தில் ஆகாது. ஆனால் இதே மாதிரி ஒரு வாரத்தைத் தமிழ்நாட்டுக்குள் போட முடியாதா? கடற்கரை நெடுகப் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஊர்கள் இருக்கின்றன. ஆதிச்சநல்லூர், கங்கைகொண்ட சோழபுரம், அரிக்கமேடு என்று மண்ணுக்குள் போன ஊர்களும் இருக்கின்றன. அம்மா, அப்பா, தம்பி, அவள் என நான்கு பேர். ஏழே நாள். அப்பா வேலை செய்யும் அச்சகத்தில் கழித்துக் கட்டிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டம் தயாராகிவிட்டது. உத்தேசச் செலவு 18,000 ரூபாய்.

எங்கே போவது என்பது சுலபமாக முடிந்தது. எப்போது போவது என்பதில்தான் வண்டி நின்றது.

நான்கு காலண்டர்கள்

அம்மாவுக்குப் பட்டாசு ஆபீஸில் வேலை. (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தப் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் 'ஆபீஸ்' என்றுதான் பெயர்.) செய்த உருப்படிக்குத் தகுந்த கூலி. தீபாவளி முடிந்ததும் ஆபீஸைப் பூட்டுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும் வீட்டில்தான். அப்பாவுக்கு ஆஃப்செட் மிஷினில் வேலை. ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால் மார்கழி முடிகிற வரைக்கும் ஷிப்ட் மேல் ஷிப்ட். அதாவது அம்மா சும்மா இருக்கும் வாரங்களில்தான் அப்பாவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தம்பிக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். அவளுக்கு செமஸ்டர் விடுமுறை வேறொரு நேரத்தில்.

இதில் மழை வேறு. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கம் அப்போது போனால் கோட்டையைப் பார்க்க முடியாது, லாட்ஜ் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். கோடை விடுமுறை என்றால் ஆபீஸ் வேலை மும்முரம், வெயிலும் கொளுத்தும்.

நாட்டுக்கே தேதி கிழித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. அந்த ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு 365 தாளில் சேர்ந்தாற்போல ஏழு தாள் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு இடம் தென்பட்டது. தைப்பொங்கல். காலண்டர் வேலை முடிந்திருக்கும். மழை ஓய்ந்திருக்கும். பள்ளி, கல்லூரி, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஆனால் அது ஏழு நாள் இல்லையே. பொங்கலும் மாட்டுப் பொங்கலும் வீட்டில்தான் என்பதில் அம்மா கறார். அதற்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு நாளும் அம்மாவின் கூலியில் ஒரு நாள்.

"இடிஞ்சு கெடக்குறதப் பாக்குறதுக்கு நாலஞ்சு நாள் கூலிய விடணுமாக்கும்? இங்க பார்க்காத இடிபாடா, ஏத்தா?" என்றார் அம்மா.

அந்தக் கேள்வியில் கிண்டல் பாதிதான். வெடிவிபத்தில் தரைமட்டமான அறைகளைப் பார்த்தவர் அவர். எங்கேயோ ஒரு ஆலையில் விபத்து என்றால் சுற்றியுள்ள ஆலைகளில் ஆய்வு நடக்கும், சிலவற்றை நிறுத்தி வைப்பார்கள். அப்போதும் விடுமுறைதான். யாரும் கேட்காத, சம்பளம் இல்லாத விடுமுறை. அதனால் 'லீவு' என்ற சொல்லே அந்த வீட்டில் அவ்வளவு இனிப்பான சொல் கிடையாது.

தாளில் இருந்த ஏழு நாள்

அவள் போட்ட முதல் திட்டம் இதுதான். யாருக்காவது உதவும் என்பதால் முழுசாக...

முதல் நாள் தூத்துக்குடி. முத்துக்கும் சங்குக்கும் பெயர்போன கடல். போர்ச்சுக்கீசியர் முதலில் வந்தார்கள், 1658ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். 1713ல் கட்டிய பனிமய மாதா கோயில் இன்றும் அங்கே நிற்கிறது.

இரண்டாம் நாள் ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகள் நிறைந்த மேடு. பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் 1876ல் தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். 2023ல் தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்துவிட்டார்கள். அன்று மாலை திருச்செந்தூர். இரவு அங்கிருந்து கிளம்பும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை.

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து பஸ். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620ல் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1845ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

நான்காம் நாள் நாகப்பட்டினம். டச்சுக்காரர்கள் 1690ல் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தின் செங்கல் கோபுரம் 1867ல் இடிக்கப்படும் வரை இங்கே நின்றது. இப்போது பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை, கேட்பதற்குத்தான் கதை உண்டு.

ஐந்தாம் நாள் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக கங்கைகொண்ட சோழபுரம்.

ஆறாம் நாள் புதுச்சேரி, அரிக்கமேடு. ரோமானிய வணிகத்தின் தடயங்களை மார்ட்டிமர் வீலர் 1945ல் தோண்டி உலகுக்குக் காட்டிய இடம். ஏழாம் நாள் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வீடு.

தாளில் படிக்க அழகாகத்தான் இருந்தது.

அப்பாவின் ஓட்டு

அப்பாவுக்குக் கோட்டைகளில் அக்கறை இல்லை. ஆனால் தரங்கம்பாடியைப் பற்றி அவள் இன்னொரு விஷயம் சொன்னாள். 1706ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்றுக்கொண்டு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதமோ கிடைப்பது கஷ்டம். அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

"பேப்பர் வேஸ்ட் ஆகுதுன்னு எழுத்தச் சின்னதாக்கிட்டானா? அப்ப சரியான பிரஸ்காரன்தான்" என்றார் அப்பா. அவருடைய ஓட்டு விழுந்துவிட்டது.

தூத்துக்குடிக்கும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578ல் கொல்லத்தில் அச்சானது. அதை ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வாழ்ந்தவர். 1600ல் இறந்தபோது அவரை அடக்கம் செய்தது தூத்துக்குடியில். வாழ்நாளெல்லாம் தமிழ் எழுத்தின் மேல் மை ஓட்டிய ஒரு மனிதர் இதுவரை இந்தப் பெயரைக் கேட்டதில்லை. தப்பு அவருடையது இல்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் ஓட்டு

அம்மாவை மாற்றியது கோட்டையும் இல்லை, திருச்செந்தூர் முருகனும் இல்லை (அவரும் கொஞ்சம் உதவினார்). வெம்பக்கோட்டை.

வெம்பக்கோட்டை என்றால் பட்டாசு ஆலைகள் நினைவுக்கு வரும். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2022ல் அகழாய்வு தொடங்கியது. பிறகு 2023லும் 2024லும் தொடர்ந்தது. சுடுமண் பொம்மைகள், பாசிமணிகள், ஆட்டக்காய்கள், கூடவே ஏராளமான சங்கு வளையல்கள் கிடைத்தன. முழு வளையல்கள் மட்டும் இல்லை. அறுத்து மிஞ்சிய சங்குத் துண்டுகளும் கிடைத்தன. அதாவது வளையல் அங்கே விற்பனைக்கு மட்டும் வரவில்லை, அங்கேயே செய்திருக்கிறார்கள்.

தெருவில் ஓர் அக்காவின் சொந்தக்காரர் அந்தக் குழியில் தினக்கூலிக்குப் போனவர். மண்ணைச் சுரண்டுவது, சல்லடையில் சலிப்பது, கிடைத்ததைக் கழுவுவது. அவர் சொன்னதை அந்த அக்கா ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வேறு எதையும் கேட்கவில்லை. சங்கு அறுத்த கழிவைப் பற்றி மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு சங்கில் எத்தனை வளையல் வரும்? உடைந்தால் யார் கணக்கு?

"அப்ப அதுவும் ஒரு ஆபீஸ்தான்" என்றார் கடைசியில்.

அந்தச் சங்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. கரிசல் காட்டில் சங்கு விளையாது. வைப்பாறு போய்க் கலக்கிற கடல் தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கிறது. சங்குக்கும் முத்துக்கும் ஆசைப்பட்டுப் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் வந்து உட்கார்ந்ததும் அதே கடலோரத்தில்தான். அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே அந்தக் கடல் இந்த மேட்டுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய தாளில் முதல் நாள் தூத்துக்குடி என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வரி சேர்ந்தது: 'ஞாயிற்றுக்கிழமை, வெம்பக்கோட்டை. செலவு பஸ் சார்ஜ் மட்டும்.'

வெட்டியதும் மிஞ்சியதும்

பிறகு வீட்டில் உட்கார்ந்து வெட்டினார்கள். முதலில் போனது புதுச்சேரி! பயணம் என்றதும் எல்லாரும் முதலில் சொல்கிற ஊர்தான். ஆனால் இந்த வீட்டில் அதற்கென்று யாரிடமும் காரணம் இல்லை. லாட்ஜ் வாடகையும் அங்கேதான் அதிகம். அரிக்கமேட்டில் தோண்டிய குழிகளை மூடிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். நாகப்பட்டினமும் போனது. ஏழு நாள் ஐந்தானது. 18,000 ரூபாய் 11,000 ஆனது. பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்துத் திட்டம் 2021ல் வந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவின் கூலி மூன்று நாள் போகும். அதையும் செலவுக் கணக்கில் தனி வரியாக எழுதச் சொன்னார் அம்மா. எழுதினார்கள். மொத்தத்தில் கூட்டவும் செய்தார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாம் ராஜேந்திரன் கட்டிய தலைநகரம். சுமார் 250 ஆண்டுகள் சோழர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். இன்று பெரிய கோயில் நிற்கிறது. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் கிடக்கிறது. நகரத்தைக் காணோம். கோயிலின் மதிலும் கோபுரமும்கூட முழுசாக இல்லை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836ல் ஆங்கிலேயர் அணைக்கட்டு கட்டியபோது இங்கிருந்து கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அந்தக் கொள்ளிடத்தைத் தாண்டித்தான் கும்பகோணத்திலிருந்து பஸ் போகும்.

மெரிடாவில் மாயன் கல் தேவாலயச் சுவரானது. இங்கே சோழர் கல் அணைக்கட்டானது. ஒரு வித்தியாசம், அந்த அணையால் வயல்களுக்குத் தண்ணீர் போனது. அதை நினைத்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பஸ் வழியில் பார்க்கலாம். மெக்ஸிகோவுக்குப் போகிறவர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பதும் இதைத்தான்.

இதே போலத் திட்டம் போடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். பொங்கல் முடிந்து வடக்கே போகிற ரயிலில் சென்னைக்குத் திரும்புகிற கூட்டமும் ஏறும், அதனால் முதல் நாள் காலையிலேயே உட்கார வேண்டும். கோட்டை, அருங்காட்சியகம் எந்தக் கிழமை விடுமுறை என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஊராவது அவரவர் காரணத்துக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் சண்டை வரும் :-)

நவம்பர் நடுவில் அந்த 60வது நாள் வந்தது. தீபாவளி முடிந்து ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை, அம்மா வீட்டில். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்தது. திருச்செந்தூரிலிருந்து மயிலாடுதுறைக்கு நான்கு ஸ்லீப்பர், திரும்புகிற ரயிலுக்கு முன்பதிவு திறந்த நாளில், ஐந்தாம் நாள் ராத்திரி கும்பகோணத்திலிருந்து விருதுநகருக்கு நான்கு. இரண்டுமே கிடைத்தன. திரும்பி வந்து இறங்கிய அன்றே அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

அப்பா அடுத்த வருஷத்துக் காலண்டர் ஒன்றை எடுத்து, ஜனவரியில் ஐந்து தாளின் ஓரத்தைப் பேனாவால் சுழித்து வைத்தார்.