வடகாற்றுக்கு முன்

ஊரில் கார்த்திகை பிறந்தால் மழை. கூரை ஒழுகுமா, கிணறு முட்டுமா என்றுதான் பார்ப்போம். இங்கே விக்ரோறியாவில் அதே மாதத்தில் காட்டுத்தீக்கு ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைத்து, எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மெல்பேணுக்குக் கிழக்கே, டண்டினோங் மலையடிவாரத்தில் இருக்கிறது. மரங்களையும் கிளிகளையும் பார்த்து மகிழ்ந்துதான் குடிவந்தோம். யூக்கலிப்டஸ் இலையில் எண்ணெய் இருப்பதும், அதன் பட்டை எரிந்தபடியே காற்றில் வெகுதூரம் பறக்கும் என்பதும் பிறகுதான் தெரியவந்தன.

இங்கு கடுங்கோடையில் உள்நாட்டிலிருந்து வடகாற்று அனலாக வீசும். பின்பு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். அப்பாடா என்றிருக்கும். ஆனால் ஆபத்து அப்போதுதான். காற்று திரும்பியதும், நீளமாக ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் அதன் முன்முகமாகிவிடும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி மெல்பேணில் வெப்பம் 46.4 பாகை. அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் வீடுகளுக்குள்ளேயே இறந்தார்கள்.

வீட்டைத் தயார்செய்யப் பெரிய செலவில்லை. பீலிகளில் கிடக்கும் சருகை அள்ளுகிறோம். புல்லைக் கட்டையாக வெட்டுகிறோம். விறகைச் சுவரோடு அடுக்குவதில்லை. வெப்பமான நாட்களில் வாசல் கால்மிதியையும் உள்ளே எடுத்துவிடுகிறோம். பெரும்பாலான வீடுகள் பற்றுவது பெருஞ்சுவாலையால் அல்ல, இப்படியான இடங்களில் விழும் தணலால்தான். காரில் பெற்றோல் நிரம்பியிருக்கும். போகும்போது நீளக்கைப் பருத்தி உடுப்பு அணிகிறோம். நைலோன் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

தைப்பொங்கலும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் முற்றத்தில் விறகு மூட்டுவது சட்டப்படி குற்றம். அந்த வருடம் அடுப்படியில் பொங்கினால் சூரியன் கோபிக்கமாட்டார்.

இவ்வளவும் எங்களுக்குச் சுலபமாக இருந்தது. கஷ்டமாக இருந்தது அம்மாதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், மறுநாள் நாற்பது பாகையைத் தாண்டும், வடகாற்று பலமாக வீசும் என்று வானொலியில் சொன்னார்கள். காலையிலேயே ஸ்பிறிங்வேலில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தோம். அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஒருக்கா வீட்டை விட்டிட்டு வந்தது காணும். நீங்கள் போங்கோ."

"பின்னேரம் திரும்பி வந்திடுவம், அம்மா."

"அண்டைக்கும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அவர் சொன்னது 1995 ஒக்டோபர் 30. அன்றிரவு ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகுதான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீட்டைப் பூட்டினோம். கொட்டும் மழையில், அடி எடுத்துவைக்க இடமில்லாத சனத்துக்குள் நடந்தோம். நாலு நாளில் வரலாம் என்று அம்மாவுக்குச் சொன்னவன் நான்தான். அதனால் என்னிடம் பதில் இருக்கவில்லை.

கடைசியில் என் மகள் அவர் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள். "அப்பம்மா வராட்டி நானும் போகேல்லை" என்றாள். அம்மா எழும்பினார். அதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அன்று எங்கள் பக்கம் ஒன்றும் எரியவில்லை. மாலையில் அம்மாவே கதவைத் திறந்து விளக்கேற்றினார். தீ வந்திருந்தால் அந்த ஒரு மணித்தியாலத்தை யார் திருப்பித் தந்திருப்பார்கள்?

அடுத்த கார்த்திகையில் எல்லோரும் மேசையில் கூடி இருந்து பேசினோம். இங்கே ஒலிபெருக்கி வராது. யாரும் கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்கவும் கூடாது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பாதையால், யார் வீட்டுக்குப் போவது என்பதை நாங்களே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். 2022 முதல் தீ அபாயத்துக்கு நான்கு நிலைகள் இருக்கின்றன. நாலாவதான 'கற்றஸ்ரோபிக்' என்றால் முதல்நாளிரவே, அல்லது விடியற்காலையிலேயே போய்விடுவதுதான் பாதுகாப்பு. விபரம் கேட்க 1800 226 226. தமிழில் பேச, முதலில் 131 450ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தீயைக் கண்டால் 000.

எங்கள் வீட்டில் மணியைக் குறித்தது அம்மா: "காலமை எட்டுக்கு முதல் போவம்." கதவடியில் இருக்கும் பையை அடுக்குவதும் இப்போது அவர்தான். பாஸ்போட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து, கண்ணாடி, பிள்ளையார் படம். எல்லாவற்றுக்கும் அடியில், அன்று மழையில் நனையாமல் கொண்டுவந்த ஊர்க்காணி உறுதி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். புல்லை வெட்டுமுன் அவரோடு பேசுங்கள். வெயில் ஏறிய பிறகு பேச நேரம் இராது.