பந்து கொடுத்தவர்

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 8, திங்கட்கிழமை. கூலிம் ஹைடெக் பூங்காவில் இரவு வேலை முடிந்து வந்த என் மகன் பசியாறக்கூட உட்காரவில்லை. கைத்தொலைபேசியில் ஏதோ விளையாட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். எட்டிப் பார்த்தேன். பந்து முட்டை வடிவத்தில் இருந்தது. தலைக்கவசம் போட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

“இது பந்தாட்டமா, சண்டையாடா?”

“அமெரிக்கக் காற்பந்துப்பா. இன்னிக்கு இறுதி ஆட்டம்,” என்று பொறுமையாக விளக்கினான். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டுமாம். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் அது ‘டச்டவுன்’, ஆறு புள்ளி. பெரும்பாலும் ‘குவார்ட்டர்பேக்’ என்பவர் பந்தை வீசுவார். வேறொருவர் ஓடிப் போய்ப் பிடிப்பார்.

அன்று வீசியவர் டாம் பிரேடி. வயது 43. 2000-ஆம் ஆண்டில் குழுக்கள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அவருக்கு முன் 198 பேரை எடுத்துக்கொண்டார்களாம். அப்படிப்பட்டவர் அன்று மூன்று டச்டவுன் வீச, அவர் குழு 31-9 என்று வென்றது. 2023-இல் அவர் ஓய்வு பெற்றபோது, லீக் ஆட்டங்களில் மட்டும் 649 டச்டவுன் வீச்சுகள் அவர் பெயரில் இருந்தன. அவர் வீச்சுகளால் குழு முன்னேறிய தூரம் 89,214 கஜம். கூலிமிலிருந்து பட்டர்வொர்த் போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம்!

எண்ணிக்கை என்னைத் திகைக்க வைக்கவில்லை. கோட்டைத் தாண்டியவர் வேறொருவர். ஆனாலும் கொடுத்தவர் பெயரிலும் கணக்கு எழுதுகிறார்களே! யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்த வீச்சுக்கும் கணக்கு உண்டாம்.

நம் மொக்தார் டஹாரி நாட்டுக்காக 89 கோல் போட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். அவருக்குப் பந்து கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால் விழிப்போம்.

எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது. பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத் திடலில் ஓரமாக ஓடி வந்து, என் காலடிக்கே பந்தைத் தள்ளுவார். நான் கோல் போடுவேன். லயமே என்னைத் தூக்கிக் கொண்டாடும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடுவார்.

திடலில் மட்டுமா? அப்பா இறந்ததும் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, உளி எடுத்துப் பால்மரம் வெட்டப் போனவர் அவர். என் பஸ் காசும் பரீட்சைக் கட்டணமும் அவர் வாளியிலிருந்து வந்தவை. நான் கிராணி வேலைக்குப் போனேன். கேட்டவர்களிடமெல்லாம், “கஷ்டப்பட்டுப் படிச்சேன்,” என்றுதான் ஐம்பது வருஷம் சொல்லி வந்தேன். அண்ணன் பெயரைச் சொன்னதில்லை.

அன்றே அவருக்குப் போன் செய்தேன். நெஞ்சில் இருந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

“அண்ணே, நான் போட்ட கோலெல்லாம் நீங்க கொடுத்த பந்துதாண்ணே.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இருமிக்கொண்டே சிரித்தார்.

“தீபாவளி ஆட்டத்துல, கோலி இல்லாத கம்பத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு வெளியே அடிச்சியே, அதையும் எழுதிக்கடா!”