உடைமையின்றிப் பயன்பாடு

பொருளை உடைமையாகக் கொள்வது வேறு. அதனைப் பயன்படுத்துவது வேறு. குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்ற நாட்களில் இவ்வேறுபாட்டை நாம் ஏட்டளவில் கற்றோம். இன்று அது இளைஞர்களின் விளையாட்டுத் திரையில் உயிர்பெற்று நிற்கக் காண்கிறோம்.

வீடியோ விளையாட்டுகளை ஒவ்வொன்றாக விலைகொடுத்து வாங்கிய வழக்கத்தோடு, மாதந்தோறும் சந்தா செலுத்தி நூற்றுக்கணக்கானவற்றை ஆடும் முறையும் பரவியுள்ளது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017-இல் 'எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ்' என்னும் சேவையைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் மாதச் சந்தா 9.99 டாலர். அதன் உயர்நிலைத் திட்டத்திற்கு 2025 அக்டோபரில் அங்கு விதிக்கப்பட்ட கட்டணமோ 29.99 டாலர்.

இது தகுமா என்று நம் பங்கைச் சேர்ந்த உடன்பிறந்த இளைஞர் இருவர் அண்மையில் நம் முன்னிலையில் வாதிட்டனர். "ஒரு புதிய விளையாட்டின் விலைக்குச் சில மாதங்கள் நூறு விளையாட்டுகளை ஆடலாமே, சாமி" என்றான் மூத்தவன். "நூறில் அண்ணன் ஆடுவது இரண்டோ மூன்றோதான், சாமி, சந்தாவை நிறுத்தினால் அவையும் கைவிட்டுப் போகும்" என்றான் இளையவன்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பலவற்றை ஆடிப் பார்க்க விழைந்தும் வாங்க வசதியற்ற பிள்ளைக்குச் சந்தா ஒரு கதவைத் திறக்கிறது. ஆயினும், பட்டியலிலிருந்து சில விளையாட்டுகள் அவ்வப்போது நீக்கப்படுகின்றன. பாதி ஆடியவன் பாதியிலேயே நிற்க நேரிடும். வாங்கியவனுக்கும் முழு உறுதி இல்லை. 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டை இயக்கிய இணையச் சேவை 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின், விலைகொடுத்து வாங்கியோரும் அதை ஆட இயலாமற் போயிற்று.

உடைமையற்ற பயன்பாடு திருச்சபைக்குப் புதிதன்று. அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் துறவியர் அதனையே விரும்பி ஏற்றனர். அவர்கள் பெறும் பொருட்களின் உடைமை உரோமைத் திருச்சபையைச் சாரும், பயன்பாடு மட்டுமே அவர்களைச் சாரும் என்று 1279-இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலாஸ் வகுத்தார். உண்டு தீரும் பொருளில் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்று 1322-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் மறுத்தார். வாதம் எதுவாயினும், துறவியர் உடைமையைத் துறந்தது பற்றினின்று விடுபடவே. சந்தாவோ நம்மை விடுவிப்பதில்லை. கட்டணம் செலுத்தாத மாதத்தில் கதவு அடைபடும் என்ற எண்ணத்தால் நம்மைக் கட்டியே வைக்கிறது.

இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. புனித அக்குவினா தோமையார், தனியுடைமை ஆகுமென ஏற்றாலும், பிறர் தேவையில் பகிர ஆயத்தமாக, அதைப் பொதுவெனக் கருதிப் பயன்படுத்தவேண்டும் எனக் கற்பித்தார். குறுந்தகட்டில் வாங்கிய விளையாட்டை ஆடி முடித்தவன் அண்டை வீட்டுச் சிறுவனுக்குக் கொடுக்கலாம். தம்பிக்கு விட்டுச் செல்லலாம். சந்தாவில் ஆடியதை எவருக்கும் கொடுக்க இயலாது. நமதல்லாததை நாம் எவ்வாறு ஈவது?

எனவே, சந்தா செலுத்துவோர் இரு கணக்குகளைப் பார்த்தல் நலம். உண்மையில் ஆடுபவை எத்தனை என்பது முதற்கணக்கு. சந்தாவால் மிச்சமாகும் பணம் எவ்வளவு என்பது அடுத்தது. அந்த மிச்சம் முழுவதும் நம் உடைமை. அதில் ஒரு பங்கேனும் விளையாட்டுப் பொருள் ஏதுமற்ற ஒரு பிள்ளையைச் சென்றடையட்டும்.