புதிய இயக்குநரின் முதல் மடல்



ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். ஆசிரியர்களுக்கான ஆண்டுத் தொடக்கச் சுற்றறிக்கையை எழுதித் தலைமையாசிரியரின் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுதுவது என்பதுகூடப் பெரிய சொல்தான். கணினியில் போன ஆண்டின் கோப்பைத் திறப்பேன்; தேதிகளை மாற்றுவேன்; மாற்றலாகிப் போனவரின் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக வந்தவரின் பெயரைச் சேர்ப்பேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வந்தேன். இம்முறை கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதன் காரணத்தை ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

என் தம்பி ஒரு சமூகக் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறான். மின்சாரப் பிரிவு. நம் நாட்டுச் சமூகக் கல்லூரிகளைப் பற்றிப் பெற்றோர் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்து, 2001இல் தொடங்கப்பட்டவை அவை. எஸ்.பி.எம். தேர்வில் சிறப்பாகத் தேறாத பிள்ளைகளும் அங்கே ஒரு கைத்தொழிலைக் கற்றுச் சான்றிதழ் பெறலாம். தையல், அணிச்சல் செய்தல் போன்ற குறுகியகாலப் பயிற்சிகளுக்குப் பெரியவர்களும் போகலாம். ஆனால் செமிலிங்கில் குடியிருக்கும் எங்களுக்கு உயர்கல்வி என்றாலே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம்தான் கண்முன் நிற்கும். வெள்ளை மேலங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கடையில் சாப்பிட வரும் மாணவர்களைப் பார்த்து, நம் பிள்ளையும் ஒருநாள் இப்படி வருவான் என்று நினைக்காத தாய் இங்கே உண்டா? அந்த ஆசையில் தவறில்லை. எனினும், என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் போயிருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

சில மாதங்களுக்கு முன், தம்பியின் கல்லூரிக்குப் புதிய இயக்குநர் ஒருவர் மாற்றலாகி வந்தார். மலாய்க்கார அம்மையார். பருவம் தொடங்கும் நாளில் பணியாளர் அனைவருக்கும் அவர் ஒரு மடல் அனுப்பியிருந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்த தம்பி, தேநீரைக்கூடத் தொடாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். புதியவர் வந்தால் முதல் மடல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா? நோக்கு, இலக்கு, ஒற்றுமையாக உழைப்போம், நன்றி. இந்த மடலில் அவை எவையுமே இல்லையாம்.

பட்டறையின் கூரை ஒழுகல் சரிசெய்யப்பட்டுவிட்டது. மாணவர் கழிப்பறை இன்னும் சரிசெய்யப்படவில்லை, அதற்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற பண்டகக் காப்பாளரின் பெயரையும், புதிதாக வந்த விரிவுரையாளர்கள் எந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்பதையும் எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் முன்னனுமதி இல்லாமலேயே யாரும் தம்மை வந்து பார்க்கலாம் என்றும் குறிப்பிட்டிருந்தார். ஆனால் இவையெல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான். முதல் பக்கத்தில், கடந்த பருவத்தில் பதிந்துகொண்டு இப்பருவத்தில் திரும்பி வராத மாணவர்களைப் பற்றி எழுதி, அந்தந்தப் பிரிவின் பெயர்ப்பட்டியலையும் இணைத்திருந்தார். ஒவ்வொருவரையும் அவர்களுடைய விரிவுரையாளரே தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்க வேண்டும். அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான் செய்தி.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊர் இருக்கிறது. அந்நாட்டின் முதல் அரசு சமூகக் கல்லூரி 1901இல் அங்கேதான், ஓர் உயர்நிலைப்பள்ளிக்குள், ஆறே மாணவர்களுடன் தொடங்கியது. ஆறு பேர் உள்ள வகுப்பில் ஒருவன் வராமல் போனால் யாருக்கும் தெரியாமல் போகாது. நூற்றுக்கணக்கானோர் படிக்கும் இடத்தில்தான் பட்டியல் தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது தம்பி கேட்டான்.

"அக்கா, பட்டியலை நான் காட்டக்கூடாது. ஒரே ஒரு பெயரைப் பற்றி மட்டும் கேக்குறேன். உங்க பள்ளியில படிச்ச பையன் ஒருத்தன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறான். வீடு இங்கதான் பக்கத்துல."

பெயரைச் சொன்னான். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

ஆசிரியர்களுக்கு லினுஸ் திட்டம் நினைவிருக்கும். 2010இல் தொடங்கியது. மூன்றாம் ஆண்டை முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் பெற்றுவிட வேண்டும் என்பது இலக்கு. ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளைச் சோதிப்போம். எழுத்துகளை அறிவதில் தொடங்கி வாக்கியம் எழுதுவது வரை பன்னிரண்டு படிகள். நல்ல திட்டம்தான்; எத்தனையோ பிள்ளைகள் அதனால் வாசிக்கக் கற்றார்கள். 2015இல் மூன்றாம் ஆண்டுக்கு மலாய்மொழி எழுத்தறிவைச் சோதித்தவள் நான். இரண்டாம் சோதனையில் ஏனையோர் எல்லாரும் தேறிவிட்டார்கள். எஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான். கடைசிப் படியில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத வேண்டிய சொல்லை என் விரலால் மேசைமேல் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லையும். பிறகு 'தேர்ச்சி' என்று குறித்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நூறு விழுக்காடு என்று எழுதும் ஆசை எனக்கே இருந்தது.

தேர்ச்சி என்று குறித்த பிறகு அவனுக்கு எந்தச் சிறப்பு வகுப்பும் இல்லை. அவன் அடுத்த ஆண்டுக்குப் போனான். நான் அடுத்த வகுப்புக்குப் போனேன்.

அவ்வாரச் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் வாங்கிய மலிவு விலை வீடுகளில் ஒன்று. தந்தை செம்பனைக் குலை வெட்டும் குத்தகை வேலைக்குப் போயிருந்தார். "காலேஜ் பிடிக்கலையாம் டீச்சர். வேலைக்குப் போறேங்கிறான்" என்று தாயார் சொல்லிவிட்டுத் தேநீர் கலக்க உள்ளே போனார். அவன் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வந்தான். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தான். இயக்குநர் சொன்னபடியே நானும் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"கைவேலை எல்லாம் நல்லா வரும் டீச்சர். ஒயரிங் பண்ணச் சொன்னா நான்தான் முதல்ல முடிப்பேன். அந்தப் புத்தகத்தைப் படிச்சு அறிக்கை எழுதச் சொல்றாங்க. ஒரு பக்கம் படிக்கவே எனக்கு ரொம்ப நேரம் ஆகுது. பக்கத்துல இருக்கிறவன் பார்க்கிறான்."

மேசைமேல் விரலால் எழுதிக் காட்டியதை அவனிடம் சொன்னேன். சொல்லாமல் திரும்பி வர முடியவில்லை. அவன் சிரித்தான். "ஞாபகம் இருக்கு டீச்சர். அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு" என்றான்.

தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

தம்பி மறுநாள் (கெடாவில் ஞாயிறு வேலை நாள்தானே) இயக்குநரிடம் போய்க் காரணத்தைச் சொன்னான். அடுத்த பருவத்தில் மீண்டும் சேர வழியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாராம். உறுதி எதுவும் தரவில்லை. அவன் முதலாண்டில் எழுதிய அறிக்கைகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவற்றைத் திருத்தியபோது உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று தம்பியிடம் கேட்டாராம். தம்பிக்குப் பதில் வரவில்லை. அக்காளுக்கு ஏற்ற தம்பி!

இப்போது சுற்றறிக்கைக்கு வருகிறேன். இம்முறை முதல் பக்கத்தில் நான்கு பெயர்களை எழுதினேன். எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுக்குப் போகும், ஆனால் இன்னும் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைகள். 'பின்தங்கியவர்' என்ற சொல்லைப் போடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அப்பிள்ளையோடு அன்றாடம் உட்காரப்போகும் ஆசிரியரின் பெயருக்கு இடம்விட்டேன். முதல் பெயருக்கு எதிரே என் பெயரை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இலாகாவிலிருந்து யாராவது வந்து பார்த்தால்?" என்று கேட்டார். அப்பக்கம் ஆசிரியர் அறையைத் தாண்டாது என்றேன். மற்றப் பக்கங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் அவர் மேசையில் இருக்கிறது. நான் தினமும் நினைவுபடுத்துகிறேன்.

அவன் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுக்கு வருகிறான். கல்லூரியில் கொடுத்த அதே மலாய்மொழிக் கையேட்டைத்தான் வாசிக்கிறோம். ஒரு மாலைக்கு ஒரு பக்கம். போன வாரம் ஐந்தாம் பக்கத்தில் 'பெண்டாவாயான்' என்ற சொல்லில் நின்றுவிட்டான். நாள்தோறும் வாயால் சொல்லும் சொல்தான். மின்கம்பி பொருத்தும் வேலை. எழுத்தில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அசை அசையாகப் பிரித்து அவனே சொன்னான். வரும் சனிக்கிழமை ஆறாம் பக்கம்.