வாசலில் வந்து நிற்கும் அதிகாரி

போலீஸ்காரர் ஏதாவது கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிட வேண்டும், வாயை மூடிக்கொண்டு நின்றால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார். நம் ஊரில் எனக்குக் கற்றுத்தந்த பாடம் இது. அமெரிக்காவுக்கு வந்தபின் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தது. பேசாமல் இருப்பது இங்கே அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் தந்த உரிமை. வாயைத் திறந்து பொய் சொன்னால்தான் வம்பு.

எஃப்.பி.ஐ., வருமான வரித் துறை, விமான நிலையச் சுங்கம் என மத்திய அரசின் எந்த அதிகாரியாக இருந்தாலும் சரி, விசாரணையைப் பாதிக்கக்கூடிய விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. பயங்கரவாத வழக்கென்றால் 8. மத்தியக் குற்றவியல் சட்டத்தின் 1001-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சத்தியப் பிரமாணம், கையெழுத்து எதுவும் வேண்டாம். வாய்வார்த்தையே போதும்.

ஜேம்ஸ் புரோகன் என்ற தொழிற்சங்க நிர்வாகியின் வீட்டுக்கு 1993-இல் மத்திய அதிகாரிகள் இருவர் வந்தார்கள். ஒரு கம்பெனியிடம் பணமோ பரிசோ வாங்கினீர்களா என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். கம்பெனியில் சோதனை போட்டு ஆவணங்களை ஏற்கெனவே எடுத்துவிட்டோம் என்று அதற்கப்புறம்தான் சொன்னார்கள். அந்தப் பொய்யால் யாரும் ஏமாறவில்லை. ஆனாலும் குற்றம் குற்றமே என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. முடிவை ஏற்றுக்கொண்ட நீதிபதி கின்ஸ்பர்க், விசாரிக்க வந்தவர்களே ஒரு குற்றத்தை உண்டாக்கிவிட இது வழி திறக்கிறதே என்று கவலைப்பட்டார். எனக்கும் அதே கவலைதான்.

தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட் வழக்கிலும், பங்கு மோசடி என்ற பெரிய குற்றச்சாட்டை நீதிபதியே தள்ளிவிட்டார். விசாரணையில் சொன்ன பொய்யும் அதையொட்டிய குற்றங்களும்தான் 2004-இல் அவருக்கு 5 மாதச் சிறைத்தண்டனை வாங்கித் தந்தன.

வேடிக்கை என்னவென்றால், போலீஸ் நம்மிடம் பொய் சொல்லலாம். உன் உறவுக்காரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று புளுகி வாங்கிய வாக்குமூலத்தை 1969-லேயே இதே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

உள்ளூர் போலீஸ் விவகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் இருக்கும் கலிபோர்னியாவில், பிடித்து வைத்திருக்கும்போது தப்பிப்பதற்காகப் பொய்ப் பெயர் சொல்வதும், நடக்காத குற்றத்தை நடந்ததாகப் புகார் கொடுப்பதும் குற்றம்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்று படிவம் கேட்கும். 2017-இல் ஒரு பொஸ்னிய அகதிப் பெண்ணின் வழக்கில், 55 மைல் வேக எல்லைக்குள் ஒருமுறை 60-இல் ஓட்டினேனே, அதையும் எழுத வேண்டுமா என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸே கேட்டார். ஆமாம் என்றார் அரசு வக்கீல்! நல்லவேளை, குடியுரிமை கிடைத்ததில் விண்ணப்பத்தில் சொன்ன பொய்க்கு ஏதாவது பங்கு இருந்திருந்தால்தான் அதைப் பறிக்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

"வக்கீலிடம் கேட்டுவிட்டுப் பேசுகிறேன்" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்குத்தான் ஒட்டவே இல்லை.

"வீடு தேடி வந்தவங்களை வாசல்லயே நிறுத்தி அனுப்பறதா? ஒரு வாய் காபியாவது கொடுக்க வேண்டாமாடா?" என்கிறார்.