முழங்கால் சுமக்கும் பாரம்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது ஆன்றோர் வாக்கு. கண்ணையும் பல்லையும் பேணும் நாம், நாள் முழுவதும் நம்மைச் சுமந்து திரியும் முழங்காலை மட்டும் நினைப்பதே இல்லை. அது வலிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைக்கிறோம். எங்கள் மாத்தூரில் மாலை வேளையில் வாசற்படியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஐந்து பேராவது முழங்காலைத் தடவிக்கொண்டேதான் பதில் சொல்வார்கள்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. இரண்டு எலும்புகளும் ஒன்றோடொன்று உரசாதபடி, அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. ஆகவே தேய்ந்துவிட்டால் மீண்டும் வளர்வது அரிது. மூப்பு, பழைய அடி, பரம்பரை ஆகியவற்றாலும் தேய்மானம் வரும். ஒல்லியானவர்களுக்கும் வரும். ஆயினும் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களுள் முதன்மையானது உடல் எடையே. மிகுதியான கொழுப்பு மூட்டை அழுத்துவதோடு நில்லாமல், அழற்சியை உண்டாக்கும் பொருள்களையும் இரத்தத்தில் கலக்கிறது. பருமனானவர்களுக்கு உடலின் பாரத்தைத் தாங்காத கைவிரல் மூட்டுகளும் வலிப்பது இதனால்தான்.

இதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் ஆயா. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, எங்கள் பகுதியில் தெருத் தெருவாக விற்றே என் தாயாரையும் மாமாவையும் வளர்த்தவர். வியாபாரத்தை விட்ட பின் நடை நின்றது. சாப்பாட்டின் அளவு மட்டும் நிற்கவில்லை. மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராமல் தானே உண்பார். எடை 82 கிலோவாயிற்று. தவக்காலத்தில் சிலுவைப் பாதையின் 14 தலங்களிலும் முழந்தாளிட்டு எழுந்தவர், இரண்டாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டைவிட்டு இறங்குவதற்கே அஞ்சினார்.

ஓரிடத்தில் மருத்துவம் பார்க்கச் சென்றபோது, "இந்த உடம்பை வைத்துக்கொண்டு கால் வலிக்காமல் என்ன செய்யும்?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டார்கள். அன்று முதல் ஆயா எந்த வைத்தியத்துக்கும் வர மறுத்தார். வலித்தால் நடக்க முடியாது, நடக்காவிட்டால் எடை கூடும், எடை கூடினால் வலி கூடும். இந்தச் சுழலில் அகப்பட்டவரைக் கேலி செய்வதால் யாருக்கு என்ன லாபம்? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். இத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியுமா?

ஆயாவின் மனத்தை மாற்றியது ஒரு சிறு கணக்கு. 2005ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்களைச் சோதித்து, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ! இதைச் சொன்னதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படின்னா ஒரு கூடை மீனை இறக்கி வெச்ச மாதிரியா கண்ணு?" என்றார். தராசு பிடித்த கையல்லவா, கணக்கு உடனே புரிந்துவிட்டது.

1992இல் வெளியான பிரேமிங்காம் நகர ஆய்வும் இதையே உறுதி செய்கிறது. பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஐந்து கிலோ எடை குறைத்த பெண்களுக்கு முழங்கால் தேய்மான நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் அளிக்கிறார்கள். அப்படி வந்த அக்கா ஆயாவைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கக் கற்றுக் கொடுத்தார். தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டுக்கு அதுவே துணை என்றார். வீட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையும் காயும் கூட்டினோம். தேநீரில் சர்க்கரையை விட்டோம். ஆயாவுக்கு மட்டும் தனிச் சமையல் என்றில்லாமல் எல்லோரும் அதையே உண்டோம். ஆறு மாதத்தில் 78 கிலோவாயிற்று. வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் கைத்தடி ஊன்றி ஞாயிறுதோறும் கோவிலுக்கு வருகிறார். முழந்தாளிடாமல் நாற்காலியில் அமர்ந்தே செபிக்கிறார்.

எல்லாம் மிஞ்சியபின் அறுவை மருத்துவம் இருக்கிறது. நம் முன்னாள் பிரதமர் வாஜ்பாய் அவர்கள் 2000, 2001ஆம் ஆண்டுகளில் மும்பையில் இரு முழங்கால்களுக்கும் அதைச் செய்துகொண்டார். 2017இல் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை வரம்பு விதித்ததால் செலவும் குறைந்தது. இருப்பினும், இறைவன் தந்த மூட்டைக் காப்பதே எளிது.

அன்புத் தோழியரே! நமக்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ணாதீர்கள். அதற்காக மெலிய வேண்டுமென்று பட்டினியும் கிடக்காதீர்கள். வளரும் எலும்புக்கு உணவு தேவை. ஓடியாடி விளையாடுவோம். பருமனான தோழியைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்காதிருப்போம். லாரித் தண்ணீர் வரும்போது அம்மாவின் கையிலுள்ள குடத்தை நாம் வாங்கி மாடியேறுவோம். ஆண்டவரின் சிலுவையைச் சுமக்கச் சீமோன் தோள் கொடுத்தார். நம் வீட்டுப் பாரத்தில் ஒரு குடத்தையாவது நாம் சுமக்கலாம் அல்லவா?

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி